கேட்டிக்கு வாத்து வந்தாச்சு, நாம எப்போ போறோம்?

வேடந்தாங்கலுக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நீண்ட கழுத்து, காபிப்பொடி நிறத் தலை, ஊசி போல நீளும் வால். அதனுடன் கரண்டி மாதிரி அகன்ற அலகுள்ள தட்டைவாயன் வாத்தும் வரும். ஆசியாவின் வடகோடியிலிருந்து பறந்து வந்து, நம்ம ஊர் ஏரியில் மூணு நாலு மாதம் தங்கிவிட்டுப் போகும்.

அதே ஊசிவால் வாத்தும் அதே தட்டைவாயனும், அதே மாதங்களில், டெக்சாஸ் மாநிலம் கேட்டிக்கும் வருகின்றன. ஒத்த சாயலுள்ள வேறு பறவை என்று நினைக்க வேண்டாம், இனமே ஒன்றுதான். வரும் திசை மட்டும் வேறு. இங்கே வருபவை கனடாவின் சமவெளிகளிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் இறங்குகின்றன. நாம் வீடு வாங்கியிருக்கும் பகுதிகளிலிருந்து வடமேற்கே அரை மணி நேரம் கார் ஓட்டினால் பார்த்துவிடலாம்.

இந்தச் செய்தியைக் கேட்டியில் இருக்கும் எத்தனை தமிழரிடம் சொன்னாலும் வரும் பதில் ஒன்றுதான்: "அப்படியா? இங்கேயா?" அந்த ஆச்சரியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சில வருடங்களாக நான் இங்கே நடக்கும் இயற்கை நடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். 1992இல் கேட்டி பிரெய்ரி கன்சர்வன்சி என்று தொடங்கி, இப்போது கோஸ்டல் பிரெய்ரி கன்சர்வன்சி என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு இருக்கிறது. 1969இல் தொடங்கிய ஹூஸ்டன் ஆடுபான் இருக்கிறது. சுமார் 40 மணி நேரப் பயிற்சி எடுத்துக்கொண்டு வருடத்துக்கு 40 மணி நேரம் தொண்டு செய்யும் டெக்சாஸ் மாஸ்டர் நேச்சுரலிஸ்டுகள் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு வாகன நிறுத்தத்தில் கூடுவோம். பத்துப் பதினைந்து பேர் இருப்போம், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். பைனாகுலர் இல்லாதவருக்கு யாராவது ஒருவர் கொடுப்பார். பெயர் தெரியாத பறவையைக் காட்டிக் கேட்டால் சலிக்காமல் சொல்வார்கள். பெரும்பாலான நடைகளுக்குக் கட்டணம் இல்லை, இருந்தாலும் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் நம்மவர் ஒருவர் இருந்தால் பெரிது. பல தடவை நான் மட்டும்தான்.

சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அரங்கம் நிரம்பி வழிகிறது. பேர்லாண்டு மீனாட்சி கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போகிறோம். புல்வெளிக்கு அரை மணி நேரம் நமக்குத் தூரமாக இருக்கிறது.

நெல் விளைந்த ஊர் இது

கேட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு இந்த ஊர் பள்ளிக்கூட ரேட்டிங், மால், டோல் ரோடு, அடுத்தடுத்து ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பழைய கேட்டிக்குப் போனால் ரயில்பாதையை ஒட்டி உயரமான நெல் சேமிப்புக் களஞ்சியங்கள் இன்னும் நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே நெல்தான் பிரதானப் பயிர். அறுவடைக்கு ஊரே கூடி நெல் திருவிழா நடத்திய காலம் ஒன்று உண்டு. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கேட்டிக்குக் குடிவருவது, ஒரு வகையில், ஒரு நெல் ஊரிலிருந்து இன்னொரு நெல் ஊருக்கு வருவதுதான்.

நெல்லுக்கு முன்பு இங்கே இருந்தது ஆள் உயரப் புல்வெளி. டெக்சாஸ், லூசியானா கடலோரம் முழுக்க சுமார் 90 லட்சம் ஏக்கர் அப்படி இருந்தது. இன்று அதில் ஒரு சதவீதம்கூட மிச்சமில்லை. புல்லை உழுது நெல் போட்டபோது காட்டுயிர்கள் பல போயின. ஆனால் தண்ணீர் கட்டிய வயலும் சிந்திய மணியும் வாத்துகளுக்கும் பனிவாத்துகளுக்கும் பிடித்துப்போயின. குளிர்காலத்தில் வயலே வெள்ளையாகத் தெரியும் அளவுக்குப் பனிவாத்து இறங்கியதைப் பழைய ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பிறகு நெல் கட்டுப்படியாகாமல் போனது, நிலத்தின் விலை ஏறியது, வயல் மனையானது. பனிவாத்துகளும் குறைந்துவிட்டன. 2013 டிசம்பரில் கிராண்ட் பார்க்வே என்கிற 99ஆம் எண் சாலையின் ஒரு பகுதி இந்தப் புல்வெளியின் குறுக்கே திறக்கப்பட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகள் நெடுங்காலம் எதிர்த்த சாலை அது. இன்று நாம் எல்லோரும் தினமும் அதில்தான் போய்வருகிறோம்.

என் மாமனார் ஆறு மாத விசாவில் வந்திருந்தபோது ஒரு நடைக்கு அழைத்துப் போனேன். ஊரில் நாற்பது வருடம் விவசாயம் பார்த்தவர். இங்கே வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்து, "எப்போ டிக்கெட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அன்று மாடுகளின் காலடியில் நின்ற வெள்ளைப் பறவையைப் பார்த்ததும், "உண்ணிக்கொக்கு இங்க எப்படிடா வந்துச்சு?" என்றார். வழிகாட்டி அதற்கு ஒரு கதை சொன்னார். உண்ணிக்கொக்கு அமெரிக்கக் கண்டத்துப் பறவை கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தானாகவே தாண்டி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் அமெரிக்காவில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே ஏறி, 1950களில் டெக்சாஸுக்கு வந்து சேர்ந்தது. மாடு மேய்கிற இடமெல்லாம் அதற்குச் சொந்த இடம். நம் ஊரில் இருப்பது இதன் நெருங்கிய கிழக்கத்திய உறவு.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமனார் சிரித்தார். அதன்பின் அவரே மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, களி அதிகம், வடியாது, நெல்லுக்கு ஏற்ற மண் என்றார். வழிகாட்டிக்கு ஆச்சரியம். திரும்பும் வரை அவர்கள் இருவரும்தான் பேசிக்கொண்டு நடந்தார்கள், நடுவில் நான் துபாஷி. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு இங்கே என்ன பொழுதுபோக்கு என்று தவிக்கும் வீடுகள் எத்தனை! நிலத்தைத் தெரிந்தவர்களை நிலத்திடம் கூட்டிப் போனால் போதும்.

எப்போது என்ன பார்க்கலாம்

"போனா என்ன இருக்கும்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சுருக்கமான காலண்டர்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை முதல் சீசன். வாரன் ஏரிக்கரையில் ஒரு பார்வை மேடை இருக்கிறது. வாத்துகள், பனிவாத்துகள், சாண்ட்ஹில் கொக்குகள், புல் மேல் தாழப் பறந்து எலி தேடும் பூனைப்பருந்துகள் எல்லாம் இந்த மாதங்களில்தான். நடக்க முடியாதவர்கள் கேட்டி ஹாக்லி சாலையில் உள்ள பால் ரஷிங் பூங்காவில் காரை நிறுத்திவிட்டு அங்கேயே நிறையப் பார்க்கலாம்.

மார்ச், ஏப்ரலில் பூ. புளூபானெட் 1901இல் டெக்சாஸின் மாநிலப் பூவாக அறிவிக்கப்பட்டது. குழந்தைகளை அதன் நடுவே உட்கார வைத்துப் படம் எடுப்பதை நம்மவர்கள் ஏற்கெனவே தவறாமல் செய்கிறோம். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் மின்கம்பியில் கத்தரிக்கோல் போல வால் விரியும் ஈப்பிடிப்பான் உட்கார்ந்திருக்கும். வீட்டு வாசல் முகப்பிலும் பாலத்தின் அடியிலும் மண் கூடு கட்டும் தகைவிலானும் அப்போதுதான் வரும். குளிர்காலத்தில் தமிழ்நாட்டு வயல்களின் கம்பிகளில் வரிசையாக உட்காரும் அதே தகைவிலான்தான். நாம் அங்கே பார்த்தது அதன் விருந்தினர் முகம், இங்கே பார்ப்பது குடும்ப வாழ்க்கை. ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில், சுமார் 600 மைல், தாண்டிவரும் சிறு பறவைகள் களைத்து விழும் இடம் ஹை ஐலண்டு. அங்குள்ள தோப்புகளை ஹூஸ்டன் ஆடுபான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கோடையில் வெயில் கொல்லும், உண்மைதான். காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும். சீழ்க்கைச் சிரவி குஞ்சுகளோடு நீந்தும். நம்மூர்க் கரண்டிவாயனின் இளஞ்சிவப்பு உறவுக்காரரும் இருப்பார்.

செப்டம்பர், அக்டோபரில் புல் பொன்னிறமாகும். மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மெக்சிகோ மலைகளுக்குப் போகும் வழியில் கடக்கும். இந்தப் பூச்சியின் புழு தின்பது மில்க்வீட் செடியை மட்டுமே. கிள்ளினால் பால் வடியும், நம்மூர் எருக்கின் குடும்பம். எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி மொனார்க்குக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. இதை ஒரு பத்து வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை ஏன் போடுகிறோம் என்ற கேள்வியில் வந்து நிற்கும்.

பள்ளிக்கரணையும் பார்க்கர் அணையும்

இதெல்லாம் ரசனை விஷயம், விருப்பமிருப்பவர் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். விட முடியாததற்குக் காரணம் வேறு.

கேட்டித் தமிழர்களில் கணிசமானவர்கள் சென்னை ஓஎம்ஆர் வழியாக வந்தவர்கள். அந்த ஐடி சாலை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் வளர்ந்தது. சதுப்புநிலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதுதான், தண்ணீர் தங்கவேண்டிய இடத்தில் நாம் தங்கியிருந்தது பலருக்கு உறைத்தது. பள்ளிக்கரணைக்கு ராம்சர் தளம் என்கிற சர்வதேச அங்கீகாரம் 2022இல் வந்தது. மிச்சமிருந்ததற்கு.

அங்கிருந்து கிளம்பி இங்கே வந்தோம். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு ஹூஸ்டன் நகரைக் காக்க 1940களில் கட்டியவை பார்க்கர், ஆடிக்ஸ் என்ற இரண்டு அணைகள். சாதாரண நாளில் அவற்றில் தண்ணீர் இருக்காது. பெருமழையில் மட்டும் தேக்குவார்கள். பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கும் ஜார்ஜ் புஷ் பூங்காவில் நாம் கிரிக்கெட் ஆடுகிறோம், சைக்கிள் ஓட்டுகிறோம். அதன் மேற்கு விளிம்பை ஒட்டிக் கேட்டியின் குடியிருப்புகள் எழும்பின. 2017 ஆகஸ்டில் ஹார்வி வந்தது. நீர்த்தேக்கம் அரசு நிலத்தின் எல்லையைத் தாண்டி, வீடுகளுக்குள் ஏறியது. நம்மவர்கள் பலர் படகில் வெளியேறினார்கள். அணைக்கு மேல்புறத்தில் மூழ்கிய வீடுகளுக்கு மத்திய அரசே பொறுப்பு என்று 2019 டிசம்பரில் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புல்வெளி மொத்தமும் அப்படியே இருந்திருந்தால் ஹார்வி வெள்ளமே வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். அந்த மழைக்கு எந்த மண்ணும் தாங்காது. ஆனால் பத்தடி ஆழம் வரை வேர்விடும் புற்கள் இந்த இறுகிய களிமண்ணைத் துளைத்து மழையை உள்ளே இழுக்கும், ஓட்டத்தை மட்டுப்படுத்தும். நம் வீட்டு லானின் வேர் சில அங்குலம்தான். வருடாவருடம் வரும் நடுத்தர மழைகளில் இந்த வித்தியாசம் தெருமுனையில் தெரிகிறது. மேல்புறத்தில் மிச்சமிருக்கும் புல்வெளியின் ஒவ்வொரு ஏக்கரும் நம் வீட்டுக்குக் கட்டணம் வாங்காத காப்பீடு. கன்சர்வன்சி இதுவரை 30,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. மீதி விற்பனைக்கு இருக்கிறது. வாங்கப்போகும் வாடிக்கையாளர்கள் யார்? நாம்தான்.

வீடு வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானும் வாங்கியவன். ஆனால் வாங்குமுன் வாஸ்து பார்க்கிறோம், பள்ளி பார்க்கிறோம். அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பதில்லை. புல்வெளியில் இரண்டு தடவை நடந்தவருக்கு அந்தக் கேள்வி தானாக வரும்.

நம்மவர் சொல்லும் காரணங்கள்

"பாம்பு இருக்கும்." இருக்கும். வழிகாட்டி முன்னால் போவார், வெட்டிய பாதையில் நடக்கிறோம், ஷூ போட்டுக்கொள்கிறோம்.

"அங்க எல்லாரும் வெள்ளைக்காரங்க, நமக்கு ஒட்டாது." முதல் நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பறவை பார்க்கும் கூட்டத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எல்லோரும் மேலேதான் பார்க்கிறார்கள். நாலு குடும்பமாகச் சேர்ந்து போனால் அந்தத் தயக்கமும் இருக்காது.

"டைம் எங்க சார் இருக்கு?" சனிக்கிழமை காலை நீச்சல், தமிழ்ப் பள்ளி, பரதநாட்டியம், ராபட்டிக்ஸ். புரிகிறது. மாதம் ஒரு சனிக்கிழமை கேட்கவில்லை. சீசனுக்கு ஒன்று, வருடத்துக்கு நாலு.

நாலாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. "எத்தனை நாள் இருப்போம்னே தெரியல, இந்த ஊர் மேல எதுக்கு ஒட்டணும்?" கிரீன் கார்டு வரிசையில் பதினைந்து வருடமாக நிற்பவர், அடுத்த லே-ஆஃப் பட்டியலை நினைத்துத் தூங்காதவர், இவர்களிடம் போய் ஊர்ப்பற்று பேசுவது எளிதில்லை. ஆனாலும் சொல்வேன். பதினைந்து வருடம் ஒரு இடத்தில் இருந்து, ஒரு மரத்தின் பெயர்கூடத் தெரியாமல் கிளம்பினால் அந்தப் பதினைந்து வருடமும் ஹோட்டல் அறையில் கழிந்த மாதிரி. நம் பிள்ளைகளுக்கோ இது தங்கும் ஊர் கிடையாது, பிறந்த ஊர். அவர்களுக்கு ஊர் ஞாபகம் என்று ஒன்று உண்டாகப்போவது இந்த மண்ணில்தான். அது காஸ்ட்கோ வாகன நிறுத்தமாக இருக்கலாம், பனிவாத்து இறங்கிய வயலாகவும் இருக்கலாம்.

செய்யக்கூடிய மூன்று

ஒன்று, தமிழ்ப் பள்ளிகள். ஐந்திணையைப் பாடமாக வைக்கிறோம். முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும், மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும் என்று குழந்தைகள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். திணை என்பது ஒரு நிலத்தின் பூ, பறவை, விலங்கு, பொழுது, தொழில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பார்வை. அதைக் கற்றுக்கொடுக்க மேய்ச்சல் நிலமும் நெல் வயலும் பக்கத்திலேயே இருக்கும்போது ஒர்க் ஷீட் எதற்கு? ஒரு வகுப்பை அங்கே நடத்துங்கள். பறவைகளைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். வாத்து, கொக்கு, தகைவிலான், பூனைப்பருந்து என்று கண்ணால் பார்த்துக் கற்ற சொல் மறக்காது.

இரண்டு, சங்கங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900இலிருந்தும், பிப்ரவரியில் வீட்டுக் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு 1998இலிருந்தும் நடக்கின்றன. பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததை இபேர்டு செயலியில் பதிந்தால் போதும், அந்தக் குறிப்பு ஆய்வாளர் கைக்குப் போகும். பொங்கல் வாரத்தில் ஒரு காலை கேட்டிப் புல்வெளியில் எண்ணிவிட்டு வந்து அப்புறம் பொங்கல் வையுங்கள். 1978இலிருந்து சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி நடத்திய நடைகளும், 1988இலிருந்து மாணவர்கள் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை ஆமை முட்டை தேடி நடந்த இரவுகளும் எத்தனையோ பேரை மாற்றியிருக்கின்றன. அந்த நடைகளில் கல்லூரி நாளில் கலந்துகொண்டவர்கள் கேட்டியிலும் இருக்கிறீர்கள். முன்கையெடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

மூன்று, நம் வீடு. கொல்லைப்புறத்தில் நாலுக்கு நாலடி, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், இந்த மண்ணின் மில்க்வீட் ஒன்று வையுங்கள். கடையில் அதிகம் கிடைக்கும் வெப்பமண்டல வகை வேண்டாம். நம் குளிர்காலத்திலும் அது பட்டுப்போகாமல் நின்று மொனார்க்குக்கு நோய் பரப்பும் ஒட்டுண்ணியைத் தேக்கி வைக்கிறது. அசோசியேஷன் ஒத்துக்காது என்று பயப்படாதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் தோட்டத்தை நியாயமில்லாமல் மறுக்கக் கூடாது என்று 2013இலேயே டெக்சாஸ் சட்டம் வந்துவிட்டது. அனுமதி கேட்டு ஒரு படிவம் கொடுத்தால் போதும். பறவைகள் வலசைபோகும் ஏப்ரல், மே இரவுகளில் வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் கால்வெஸ்டனில் ஒரே இரவில் ஓர் உயரமான கட்டடத்தில் மோதி ஏறத்தாழ 400 சிறு பறவைகள் செத்தன. அதன்பின் அந்தக் கட்டடத்தில் விளக்கை அணைக்கிறார்கள்.

பறவைக்காகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது வேடந்தாங்கல் விவசாயிகள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே காப்பு ஆணை வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் இன்றும் தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது. கூடு கட்டிய பறவை பயந்துவிடும் என்று ஊரே விட்டுக்கொடுத்தது. படித்தவர்கள், வசதியானவர்கள் என்று பெயரெடுத்த நாம் அந்தக் கிராமத்தார் செய்ததில் பத்தில் ஒரு பங்காவது செய்யலாம்.

கவுன்டியில் மனைப்பிரிவு, சாலை, வெள்ளநிதி பற்றிப் பொதுக்கூட்டம் நடக்கும்போது வாக்குரிமை இல்லாதவரும் எழுந்து பேசலாம். அங்கேயும் நம் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. அதற்கு முன்னால் எதைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கன்சர்வன்சியின் இந்தியன்கிராஸ் பகுதிக்கு எப்போது வரலாம் என்று கேட்டு, முன்பதிவு செய்துகொண்டு, தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வாத்துகள் மார்ச் வரைதான் இருக்கும்.